எப்போதாவது எடுக்கும் காருக்கு இரண்டு மாத இன்ஷூரன்ஸ் போதுமா?

மகன் சவூதியில் இருக்கிறார். வருடத்தில் நாற்பது நாள், மிஞ்சினால் இரண்டு மாதம்தான் ஊரில் இருப்பார். அவர் வரும்போது ஓட்டுவதற்கென்று வாங்கிய கார், மற்ற நாட்களில் வாசலில் கவர் போர்த்தி நிற்கும். "அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் போட்டால் போதாதா ஹஜ்ரத்? ஓடாத வண்டிக்கு வருடம் முழுக்கப் பணம் கட்டுவது இஸ்ராஃப் ஆகாதா?" என்று கேட்கிறார்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கேட்டாலும் இதே கேள்விதான், மணலிக்கு அப்பால் சடையங்குப்பத்தில் கேட்டாலும் இதே கேள்விதான். ஆனால் சடையங்குப்பத்தில் நிற்கும் காருக்கு இதன் பதில் கொஞ்சம் வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

கேள்வி நியாயமானது. வீண் செலவைப் பற்றி யோசிக்கும் குடும்பம் நல்ல குடும்பம். சிக்கல் என்னவென்றால், 'இன்ஷூரன்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. இதை 'தேர்ட் பார்ட்டி' என்கிறோம். மற்றது, நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கானது. இதற்கு 'ஓன் டேமேஜ்' என்று பெயர். இரண்டும் சேர்ந்ததைத்தான் ஏஜெண்டுகள் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று சொல்லி விற்கிறார்கள். முதலாவதில் மிச்சம் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. மிச்சம் பிடிக்க வழியிருப்பது இரண்டாவதில்தான்.

முதலாவதைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146-வது பிரிவின்படி தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் யாரும் பயன்படுத்தக் கூடாது, பிறர் பயன்படுத்த அனுமதிக்கவும் கூடாது. மீறினால் 196-வது பிரிவின்படி முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறைக்கு அபராதம் 4,000 ரூபாய். ஓட்டியவர் மட்டுமல்ல, சாவியைக் கொடுத்தவரும் இதில் அடக்கம்.

"நாங்கள்தான் பயன்படுத்தவே இல்லையே, நிறுத்தித்தானே வைத்திருக்கிறோம்" என்பார்கள். எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்? வீட்டு காம்பவுண்டுக்குள், கேட்டைப் பூட்டி வைத்திருந்தால் சரி. வடசென்னையில் எத்தனை வீடுகளுக்கு அப்படி இடமிருக்கிறது? பெரும்பாலும் தெருவில்தான். தெரு பொது இடம். நின்றிருக்கும் வண்டியும் சட்டத்தின் பார்வையில் 'பயன்பாட்டில்' இருக்கக்கூடும் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே உண்டு.

1987-இல் மகாராஷ்டிராவில் தேசிய நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் ஒன்று லாரியோடு மோதிச் சாய்ந்தது. மோதியபோது நடந்ததைவிடப் பெரிய கொடுமை சுமார் நான்கு மணி நேரம் கழித்து நடந்தது. கசிந்த பெட்ரோலைப் பிடிக்கக் கூடியிருந்தவர்கள் மத்தியில் டேங்கர் வெடித்தது. நின்றுபோன வண்டி, மோதி நான்கு மணி நேரமும் ஆகிவிட்டது, ஆகவே இது வாகனப் பயன்பாட்டால் நேர்ந்த விபத்து அல்ல என்று வாதாடினார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓடினால்தான் பயன்பாடு என்று பொருள் கொள்ள முடியாது என்றது. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டேங்கர்கள் வரிசையாகப் போகும் சாலையோரம் வாழும் நமக்கு இந்த வழக்கை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. நிற்கும் கார் உண்மையில் நின்றுகொண்டே இருப்பதில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வாரத்துக்கு ஒருமுறை மச்சான் வந்து ஸ்டார்ட் செய்து தெருவை ஒரு சுற்று சுற்றி வருவார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நள்ளிரவில் பிரசவ வலி வந்தால், யாரும் பாலிசியின் தேதியைப் பார்த்துவிட்டு வண்டி எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டும், அது ஸவாபுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடப் பயணத்தில் சைக்கிளில் போகும் ஒரு ஷிப்டு தொழிலாளியின் மீது மோதி, அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், அவருடைய உயிர் போய்விட்டால்? தீர்ப்பாயம் அவருடைய வயது, சம்பளம், அவரை நம்பியிருப்பவர்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டு இழப்பீடு நிர்ணயிக்கும். அது பல லட்சங்களில் இருக்கும். பாலிசி இருந்தால் மரணத்துக்கான இழப்பீட்டை நிறுவனம் கொடுக்கும், அதற்கு உச்சவரம்பு இல்லை. பாலிசி இல்லாவிட்டால் முழுப் பொறுப்பும் ஓட்டியவர் மீதும் உரிமையாளர் மீதும் விழும். 174-வது பிரிவின்படி அதை நில வரி பாக்கியைப் போல வசூலிக்கவும் முடியும். வீட்டுப் பத்திரம் வரைக்கும் போகும் விஷயம் இது.

அப்படியும் வசூலாகாவிட்டால், இழந்தது அந்தத் தொழிலாளியின் குடும்பம்தான். அதனால்தான் நாம் இதை நம் வண்டியைப் பற்றிய விஷயமாகப் பார்ப்பதில்லை, ஹக்குல் இபாதாகப் பார்க்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை இந்தப் பேச்சில் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். இங்கே கவலை நம் ஒட்டகம் தொலைந்துவிடுமே என்பதல்ல, அது யாரை மிதித்துவிடும் என்பது.

சரி, இதற்கு என்ன செலவாகிறது? தேர்ட் பார்ட்டி கட்டணத்தை நிறுவனங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அரசு அறிவிக்கும் கட்டணம்தான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசி வரையிலான சொந்தக் காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 1,200 சிசி காருக்கு வரியோடு சேர்த்து நாளொன்றுக்குப் பதினோரு ரூபாய் போல வருகிறது, ஒரு டீயின் விலை. அடுத்தவர் உயிருக்கான பொறுப்பை இந்த விலைக்கு ஏற்றுக்கொள்ள ஏற்பாடு இருக்கும்போது, அதிலும் பத்து மாதத்தைக் கழித்துக்கொள்ள நினைப்பது சரியான சிக்கனமாக நமக்குத் தெரியவில்லை.

லண்டனில் இருக்கும் உறவினர்கள் இதைக் கேட்டால், "எங்கள் ஊரில் ஒரு நாளைக்குக்கூட இன்ஷூரன்ஸ் கிடைக்கிறதே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே காரை இன்ஷூரன்ஸ் இல்லாமல் வைத்திருக்க வேண்டுமானால், 'இது சாலையில் இல்லை' என்று அரசிடம் முறைப்படி அறிவித்து, தனியார் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாள் பாலிசியை மட்டும் அங்கிருந்து இறக்குமதி செய்துவிட்டு, இந்த ஒழுங்கை விட்டுவிட முடியாது.

நம் நாட்டில் குறுகிய காலப் பாலிசி என்பதே இல்லையா? 2002-இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப்பில் அதற்கொரு அட்டவணை உண்டு. அதைப் பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஒரு மாதம் வரைக்கும் வருடக் கட்டணத்தில் 20 சதவீதம், இரண்டு மாதத்துக்கு 30, மூன்றுக்கு 40, ஆறு மாதத்துக்கு 70. எட்டு மாதத்தைத் தாண்டினால் முழுக் கட்டணம். அதாவது மாதக் கணக்கில் பிரித்தால் குறுகிய காலம்தான் விலை அதிகம். மகன் ரமளானில் இரண்டு மாதம், பள்ளி விடுமுறையில் இரண்டு மாதம் வந்தால் 60 சதவீதம். நடுவில் ஒரு நிக்காஹ் வந்து ஒரு மாதம் எடுத்தால் 80 சதவீதம். மிச்சமாகும் 20 சதவீதத்துக்காக ஏழு மாதம் பாதுகாப்பில்லாமல் நிற்க வேண்டும். இதுவும் கணக்குக்குத்தான். சொந்தக் காருக்கு இப்படி மாதக் கணக்கில் கேட்டுப் போனால், நடைமுறையில் அது எளிதில் கிடைப்பதில்லை.

"வருடப் பாலிசி எடுத்துவிட்டு, மகன் திரும்பிப் போனதும் ரத்து செய்து மீதியை வாங்கிவிடலாமே" என்ற யோசனையும் சுற்றுகிறது. தேர்ட் பார்ட்டி பகுதியை அப்படி ரத்து செய்ய முடியாது. வண்டியை விற்றுவிட்டீர்கள், முழுதாக அழிந்துவிட்டது, அல்லது வேறொரு பாலிசி இருக்கிறது என்று காட்டினால்தான் ரத்து.

விட்டு விட்டு எடுப்பதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நஷ்டமும் இருக்கிறது. கிளைம் செய்யாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் கட்டணத்தில் 'நோ கிளைம் போனஸ்' என்ற தள்ளுபடி கிடைக்கும். முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் ஆரம்பித்து, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும். அதிகம் ஓடாத காருக்குக் கிளைம் வருவது அபூர்வம் என்பதால், இந்தத் தள்ளுபடி இப்படிப்பட்ட உரிமையாளருக்கென்றே வைத்தது போன்றது. பாலிசி காலாவதியாகி 90 நாள் கடந்துவிட்டால் சேர்த்த போனஸ் முழுவதும் போய்விடும். பத்து மாத இடைவெளி விடுபவர் ஒவ்வொரு வருடமும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார். போதாக்குறைக்கு, காலாவதியான காரைப் புதிதாகச் சேர்க்கும்போது ஆய்வு செய்த பிறகே ஓன் டேமேஜ் கொடுப்பார்கள். மகனோ விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே மாமியார் வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும்.

அப்படியானால் மிச்சம் பிடிக்க வழி எது? 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, ஓன் டேமேஜுக்கு 'பே ஆஸ் யூ டிரைவ்' முறையை அனுமதித்தது. வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்று 2,500, 5,000 போன்ற அளவுகளில் தேர்ந்தெடுத்தால் ஓன் டேமேஜ் கட்டணம் குறையும். 2024 ஜூனில் வந்த முதன்மைச் சுற்றறிக்கை, இந்த வகைப் பாலிசியை வாடிக்கையாளருக்கு முதல் தேர்வாகக் காட்ட வேண்டும் என்றே சொல்கிறது. ஏஜெண்ட் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் பெயர் சொல்லிக் கேளுங்கள். வருடத்தில் நாற்பது நாள் ஓடும் காருக்கு, இரண்டு மாதப் பாலிசியைவிட இதுவே பொருத்தம். வருடம் முழுக்கப் பாதுகாப்பு இருக்கும், கட்டணம் ஓட்டத்துக்கு ஏற்ப இருக்கும். எடுக்கும் நாளில் ஓடோமீட்டரைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். சொன்ன கிலோமீட்டரைத் தாண்டப் போகிறது என்றால், தாண்டுவதற்கு முன்பே கூடுதல் கட்டணம் கட்டிவிடுங்கள். தாண்டிய பிறகு சேதம் வந்தால் வாதாட்டம்தான். தேர்ட் பார்ட்டிக்கு இந்தக் கிலோமீட்டர் கணக்கு எதுவும் கிடையாது.

பழைய டாரிஃப்பில் 'லே அப்' என்ற ஏற்பாடும் உண்டு. கார் தொடர்ந்து குறைந்தது இரண்டு மாதம் கராஜில் பூட்டிக் கிடந்தால், அந்தக் காலத்துக்குச் சலுகை கேட்கலாம். தீ, திருட்டு இரண்டுக்கும் மட்டும் பாதுகாப்பை வைத்துக்கொள்ளலாம். கராஜ் உள்ளவர்களுக்கு இது சரி. சடையங்குப்பத்துக்கு நாம் இதைச் சொல்லத் தயங்குகிறோம். ஏனென்றால் அங்கே நிற்கும் காரின் எதிரி தீயோ திருடனோ அல்ல, தண்ணீர்.

புழல் ஏரியில் உபரி நீர் திறக்கும்போதெல்லாம் அரசு ஓர் எச்சரிக்கை விடும். நாரவாரிகுப்பம், வடகரை, கிரான்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி என்று கால்வாயோரத்துப் பெயர்கள் வரிசையாக வந்து, சடையங்குப்பத்தில் முடியும். ஏரியிலிருந்து கிளம்பும் தண்ணீர் எண்ணூர் கடலைச் சேருவதற்கு முன் கடைசியாகக் கடக்கும் இடங்களில் ஒன்று அது. பூண்டியில் திறந்தாலும் கொசஸ்தலை ஆறு வழியாக அதே பக்கம்தான் வரும். கடல் மட்டம் ஏறி நிற்கும் புயல் நாளில் இரண்டும் வடியாமல் திரும்பும். 2015-இலும் பார்த்தோம், 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயலோடும் பார்த்தோம். அந்த முறை மணலிப் பக்கத்துத் தண்ணீரில் எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது.

ஓடும் காருக்கு ஆபத்து சாலையில். ஓடாத காருக்கு ஆபத்து அது நிற்கும் இடத்தில். மகன் சவூதியில் இருக்கும் அக்டோபரிலும் நவம்பரிலும் டிசம்பரிலும்தான் சடையங்குப்பத்துக் காருக்கு இன்ஷூரன்ஸ் தேவைப்படுகிறது. அவர் இருக்கும் இரண்டு மாதத்துக்கு மட்டும் எடுத்து வைத்தவர், ஆபத்தில்லாத மாதங்களுக்குப் பணம் கட்டி ஆபத்தான மாதங்களை விட்டுவிட்டார். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவருக்கும் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. பே ஆஸ் யூ டிரைவ் எடுப்பவர் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: கார் நிற்கும்போது வெள்ளத்தால் சேதமானால் உண்டா? 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்துக் கேளுங்கள். தண்ணீர் புகுந்த காரைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து என்ஜின் கெட்டுப்போனால், சாதாரணப் பாலிசியில் அதைத் தருவதில்லை. வெள்ளம் வடிந்ததும் முதலில் செய்யும் தவறு இதுதான். ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் ஏறிய அளவு தெரியும்படி புகைப்படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். பாலிசியைப் புயல் எச்சரிக்கை வந்த பிறகு எடுக்க ஓடுவதும் பயன்தராது. ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

இங்கே மார்க்கக் கேள்வி எழும். வணிக ரீதியான இன்ஷூரன்ஸில் பெரும் கரர், அதாவது நிச்சயமின்மை, இருப்பதால் அது கூடாது என்று 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. பரஸ்பர உதவி அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாகக் காட்டியது. மலேசியா 1984-லேயே தகாஃபுல் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் அமானா தகாஃபுல் 1999-இல் ஆரம்பமானது. நம் நாட்டில் அப்படியொரு மோட்டார் பாலிசி வாங்குவதற்கு இல்லை.

தேர்ட் பார்ட்டி பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சட்டம் கட்டாயப்படுத்துவதால், கட்டுபவர் மீது குற்றமில்லை என்பதே உலமாக்கள் பொதுவாகச் சொல்வது. நாம் அதற்கு மேலும் ஒன்றைச் சொல்வோம். தவறுதலாக ஓர் உயிர் போனால் தியத் கொடுக்க வேண்டும் என்பது சூரத்துன் நிஸாவின் 92-வது ஆயத்தில் இருக்கிறது. அந்தத் தொகையைக் கொன்றவர் தனியாகச் சுமக்க முடியாது என்பதால், அவருடைய ஆகிலா, அதாவது உறவுக் கூட்டம், பங்கிட்டுக் கொடுப்பதை ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இன்று அப்படியொரு ஆகிலா நம்மிடம் இல்லை. ஒப்பந்தத்தின் வடிவம் நமக்கு ஒப்பாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் கைவிடப்படக் கூடாது என்ற நோக்கம் நமக்கு அந்நியமானதல்ல.

ஓன் டேமேஜில் கருத்து வேறுபாடு உண்மையாகவே இருக்கிறது. தேவையைக் கருதி அனுமதிப்பவர்களும் உண்டு, சட்டம் கட்டாயப்படுத்தாததால் தவிர்க்கச் சொல்பவர்களும் உண்டு. இந்தக் கட்டுரையில் நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. உங்கள் நிலையைச் சொல்லி உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தாயை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் காருக்குச் சொல்லும் 'ஹாஜத்', விடுமுறைக்கு மட்டும் எடுக்கும் காருக்கு அதே பலத்தோடு பொருந்துமா என்பதைக் கேட்பவரே நேர்மையாக யோசிக்க வேண்டும்.

ஓன் டேமேஜ் வேண்டாம் என்று முடிவெடுப்பவர் காரைத் தண்ணீரின் பாதையிலிருந்து நகர்த்தி வைக்க வேண்டும். பருவமழைக்கு முன்பே, மேடான பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டிலோ கட்டண நிறுத்தத்திலோ மூன்று மாதத்துக்கு விட்டுவிடலாம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியதை எல்லோரும் பார்த்தோம். அந்த மேம்பாலமும் பொது இடம், அங்கே போகும் வழியும் பொது இடம். ஆகவே அதற்கும் தேர்ட் பார்ட்டி நடப்பில் இருக்க வேண்டும். கார் பழையது, பாலிசியில் காட்டும் மதிப்பே ஓரிரு லட்சம்தான் என்றால், ஓன் டேமேஜ் கட்டணத்தையும் அந்த மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில நேரம் காரை விற்றுவிட்டு, மகன் வரும்போது வாடகைக்கு எடுப்பதே மலிவாக முடியும்.

வாடகை என்றதும் ஒரு எச்சரிக்கை. சும்மா நிற்கிறதே என்று தெரிந்தவர்களுக்குக் கல்யாணத்துக்குக் காரைக் கொடுத்து, பெட்ரோலோடு ஏதாவது தொகையும் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. சொந்தக் காருக்கான பாலிசி வாடகைப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. விபத்து நடந்தால் அந்தச் சிறு தொகையே கிளைமுக்குத் தடையாகும். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டினால், நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்க நீதிமன்றங்கள் வழி செய்திருக்கின்றன. பதினெட்டு நிரம்பாத பையன் என்றால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

கடைசியாக, ஆர்சி யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் பெயரில் கார், ஓட்டுவது தம்பி, கவனிப்பது வாப்பா என்றுதான் நம் வீடுகளில் இருக்கும். விற்ற பிறகும் பெயர் மாற்றாமல் விட்டவர்கள்கூட இருக்கிறார்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கில் வண்டி 2007-இலேயே விற்கப்பட்டுக் கை மாறிக் கை மாறிப் போயிருந்தது. 2009-இல் விபத்து நடந்தபோது பொறுப்பு முதல் உரிமையாளர் மீது வந்தது. ரியாதில் இருக்கும் அண்ணனுக்குத் தெரியாமலே அவர் தலையில் இப்படியொரு கடன் ஏற முடியும். வாரிசுகள் சொத்தைப் பிரிப்பதற்கு முன் கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன்களில் அதுவும் சேரும். இன்றே எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரும் இன்ஷூரன்ஸ் முடியும் தேதியும் அதில் வரும். தேதி கடந்திருந்தால், புதுப்பிக்கும் வரை சாவியை மச்சானிடம் கொடுக்க வேண்டாம்.